நாற்றுப் பச்சை நூல்

மேகலாவைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் முதலில் என் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் பேசாததையெல்லாம் அவள் பேசியது அங்கேதான். பாபநாசம் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நிற்கிறது அனீஸா ஃபேன்ஸி ஸ்டோர். நூல், ஊசி, ஜிப், பட்டன், லேஸ், புடவைக்கு அடிக்கிற ஃபால்ஸ். வளையலும் பொட்டும் கூட உண்டு, ஆனால் அதிலெல்லாம் எனக்கு மனசு கிடையாது. விளக்கு வைத்த பிறகு மட்டும் என் கடையில் ஊசி கிடைக்காது. எங்கள் மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அது இந்தக் கடைத்தெருவின் வழக்கம். பொழுது சாய்ந்து ஊசி கைமாறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். வாங்கிப்போகிறவர்களே மறுநாள் வீட்டில் ஏதாவது சண்டை வந்தால் என்னைத்தான் குறை சொல்வார்கள். எனக்கெதற்கு வம்பு? கலெக்டரே வந்து நின்றாலும் காலையில் வாங்க என்றுதான் சொல்வேன்.

மேகலா குடமுருட்டிக் கரையோரத்து ஊர்க்காரி. நாற்பதை நெருங்குகிற வயசு. புருஷன் ராம்கிக்குக் கத்தாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. ஒரே பெண் வானதி தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். வீட்டில் இவள் ஒருத்தி, குத்தகைக்குப் பிடித்த கொஞ்சம் நிலம், ஒரு பசுமாடு. நடவு, களை, அறுப்பு எல்லாவற்றையும் இவளே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

முதல்முறை வந்தபோது வானதியின் பழைய ஜீன்ஸ் ஒன்றைக் கல்லாமேஜையில் விரித்தாள். பெண் வளர்ந்துவிட்டாள், ஜீன்ஸ் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, முட்டியில் வேறு கிழிசல்.

"தூக்கிப்போட மனசு வரலக்கா. ஏதாச்சும் பண்ணணும்."

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடேன். ஊரு பூரா தொங்குதே."

"புதுசு எல்லாரும்தான் வச்சிருக்காங்க," என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப் போயிற்று.

பழைய பட்டுப்புடவையின் கரையை அடியில் ஒட்டுக் கொடுத்து ஜீன்ஸை நீளமாக்கினாள். முட்டிக் கிழிசலுக்கு உள்ளே சுங்குடித் துணியை வைத்து, மேலே வரிவரியாக ஓட்டுத்தையல் போட்டாள். அத்தோடு விட்டாளா? தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் வீரையனிடம் ஒரு பொட்டலம் ப்ளீச்சிங் பவுடர் வாங்கி, தண்ணீரில் கரைத்து, காது குடைகிற பட்ஸால் தொட்டுத் தொட்டு ஜீன்ஸின் தொடையில் சிக்குக்கோலம் போட்டாள். ப்ளீச் பட்ட இடம் வெளுத்துக் கோலம் வெள்ளையாக நிற்கும். உடனே அலசிவிட வேண்டும். முதல்தடவை இவள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் புள்ளி வைத்த இடமெல்லாம் துணி பொத்துப் போயிருந்தது. வேறு யாராவது இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவள் மறுநாள் என்னிடம் வந்து சின்னச் சின்ன வட்டக் கண்ணாடி கேட்டாள். ஓட்டைக்கு ஒரு கண்ணாடி வைத்துத் தைத்துவிட்டாள்.

வானதி அதைப் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனதுதான் தாமதம். தோழிகளின் பழைய ஜீன்ஸெல்லாம் பை பையாகப் பஸ் ஏறி வர ஆரம்பித்தன. ஒன்றில் மாங்காய் மோட்டிஃப், ஒன்றில் பின்பாக்கெட்டில் கொக்கு, ஒன்றில் முழங்காலிலிருந்து கீழே நெற்கதிர். எல்லாவற்றையும் என் கடைக்குக் கொண்டுவந்து காட்டுவாள். நான் ஏதாவது நொட்டை சொல்வேன். அதற்காகவே காட்டுகிறாள் என்று பிறகுதான் புரிந்தது. வீட்டில் நொட்டை சொல்லக்கூட ஆளில்லை பாருங்கள்.

ஆனால் ஒரு ஜீன்ஸை மட்டும் ரொம்ப நாள் கண்ணில் காட்டவில்லை. அது ராம்கியுடையது.

கடைசியாக அவன் லீவில் வந்துவிட்டுக் கிளம்பிய அன்று காலை, குறுவை நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனானாம். ஜீன்ஸைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உள்ளே இறங்கி, நாற்றைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, வரப்பில் ஏறும்போது தொடையில் வலது கையை ஊன்றி ஏறியிருக்கிறான். சேற்றுக் கை அப்படியே பதிந்துவிட்டது. ஐந்து விரலும் உள்ளங்கையும் தெளிவாக. வீட்டுக்கு வந்து அதை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, வேறு உடுத்திக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டான்.

ஊருக்குப் போகிறவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீட்டைக் கூட்டமாட்டார்கள், அவர் அவிழ்த்துப்போட்ட துணியைத் துவைக்கமாட்டார்கள். நாங்களும் அப்படித்தான். மறுநாள் அவனுடைய போன் வந்தது. மேகலா வீட்டைக் கூட்டினாள், மற்ற துணியையெல்லாம் துவைத்தாள், அதை மட்டும் துவைக்கவில்லை. சேறு உதிரக்கூடாதென்று கஞ்சித் தண்ணியைத் தெளிவாக எடுத்துத் துணியால் ஒற்றி ஒற்றிக் காயவைத்திருக்கிறாள்! பிறகு என் கடைக்கு வந்து பச்சை நூல் கேட்டாள். கிளிப்பச்சை காட்டினேன், பாசிப்பச்சை காட்டினேன், எதுவும் பிடிக்கவில்லை.

"நாத்து முளைச்சு வர்றப்ப ஒரு பச்சை இருக்குமே, அதுக்கா."

"நான் ஃபேன்ஸி ஸ்டோர் வச்சிருக்கேன்டி, வேளாண்மை ஆபீஸ் வைக்கல," என்று திட்டிக்கொண்டே பரணில் ஏறித் தேடினேன். கிடைத்தது.

பின்னொரு நாள் பையிலிருந்து அந்த ஜீன்ஸை எடுத்து அவளே காட்டினாள். அந்தக் கையைச் சுற்றிப் பச்சைச் சங்கிலித்தையல். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல் என்று ஓரம் பிசகாமல் சுற்றி வந்திருந்தது. சுண்டுவிரல் மட்டும் பாக்கி. அது பக்கவாட்டுத் தையலின்மேல் விழுந்திருந்தது. ஜீன்ஸில் அந்த இடம் நாலு மடிப்புத் துணி, ஊசி இறங்காது.

"நடவு வந்திடுச்சுக்கா. முடிச்சிட்டு அதைப் பாத்துக்கலாம்னு வச்சிட்டேன்."

"சேத்துத் துணியைப் பீரோவுல வைக்கிற குடும்பத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன். இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"அவரு வந்ததும் இதுமேல கையை வைக்கச் சொல்லணும். வச்சா சரியாப் பொருந்தணும். அவ்வளவுதான்," என்றாள். "வேற ஒண்ணும் வேணாம்க்கா எனக்கு. அந்தக் கை திரும்பி வந்து இங்க படணும்."

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவன் அந்தமுறை வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். அடுத்து, தீபாவளிக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. பொங்கலுக்கும் அதே கதை. தினமும் வீடியோவில் மட்டும் வந்தான். என் கடையில் உட்கார்ந்து அவள் பேசும்போது நானும் எட்டிப் பார்ப்பேன். சிரிப்பான், "அக்கா, சௌக்கியமா?" என்பான், இடது கையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவான். இவள் போனை மடியில் வைத்துக்கொள்வாள்.

"முன்னெல்லாம் இப்படி இல்லக்கா. ஏதோ மறைக்கிறாரு. என்னை வேணாம்னு நெனைக்கிறாரோ என்னவோ."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவன்மேல்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அது எப்போதும் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் பாயும். "வந்தா மட்டும் என்ன ஆகிடப்போகுது? எங்க வீட்டுக்காரரும்தான் சவுதியில இருந்து ஒரேயடியா வந்தாரு. வந்து சோபாவுல உக்காந்தவர்தான், ரிமோட்டும் கையுமா இன்னும் எந்திரிக்கல. டீ எங்க, சோறு எங்கன்னு அங்கேருந்தே கேட்டுக்கிட்டு இருக்காரு," என்றேன்.

மேகலா சிரிக்கவில்லை. "சோபாவுல கெடந்தா போதும்க்கா எனக்கு. ரிமோட் நான் எடுத்துத் தர்றேன்," என்றாள். நான் லேஸ் சுருளை எடுத்து அளக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய், என் வீட்டுக்காரர் சித்தீக்குக்கு அவர் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தேன். என்னவோ ஏதோவென்று மனுஷன் பயந்துபோய்விட்டார்.

கடைசியில் புரட்டாசியில் ராம்கி வந்துவிட்டான். அவன் வந்த மறுநாள் காலை, நான் ஷட்டரைத் தூக்கும்போதே மேகலா வாசலில் நிற்கிறாள். தலை வாரவில்லை. புருஷன் வந்த வீட்டுக்காரி இருக்கிற கோலமா இது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கார் வந்து நின்றிருக்கிறது. அவன் இறங்கியிருக்கிறான், வலது கை பேண்ட் பாக்கெட்டில். பெட்டியை இடது கையால்தான் எடுத்தானாம். இவளுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது? தண்ணீர்கூடக் கொடுக்காமல் உள்ளே ஓடிப் பீரோவைத் திறந்து ஜீன்ஸைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்திருக்கிறாள். கையை வைங்க என்றிருக்கிறாள். அவன் குனிந்து அந்தப் பச்சைத் தையலைப் பார்த்தானாம். பிறகு இடது கையை வைத்திருக்கிறான்.

"அந்தக் கை இல்லைங்க, வலது கை."

"இருக்கட்டும் மேகலா, அப்புறம் வைக்கிறேன்."

இவள் விடுகிறவளா? பாக்கெட்டிலிருந்து அவன் கையை இவளே பிடித்து இழுத்திருக்கிறாள். சுண்டுவிரல் இல்லை. அடியோடு இல்லை. சாரத்துக் குழாய் நழுவி நசுங்கி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலே ஆகிறது. இவளிடம் சொன்னால் தாங்கமாட்டாள் என்று சொல்லவில்லை. காயம் ஆறட்டும், ஆறட்டும் என்று லீவையும் தள்ளிப்போட்டிருக்கிறான். ஆறிய பிறகு, இந்தக் கையோடு எப்படிப் போய் நிற்பது என்று தள்ளிப்போட்டிருக்கிறான்.

"கையை வச்சாருக்கா. நாலு விரலும் அச்சா பொருந்துச்சு," என்றாள். சொல்லிவிட்டு என் கல்லாமேஜையைப் பிடித்துக்கொண்டாள். "நான் தைச்ச நாலும் இருக்கு. தைக்காம விட்டது மட்டும் போயிடுச்சு."

"என்னடி பேசுற?"

"நடவு நடவுன்னு ஓடினேன். அந்த ஒரு விரலையும் தைச்சிருந்தா இருந்திருக்கும்."

"பைத்தியம் மாதிரி உளறாத. குழாய் எங்க விழுந்துச்சு, நீ தைக்கிற துணி எங்க கெடக்குது? படிச்ச பொண்ணைப் பெத்தவ பேசுற பேச்சா இது?" என்று கத்தினேன். மருந்துக்கடைப் பையன் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். அவள் சுண்டுவிரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு நின்றாள். தன்னுடைய சுண்டுவிரலைத்தான்.

அதன்பிறகு ராம்கியே இரண்டு மூன்று தடவை கடைக்கு வந்தான். நல்ல பையன், முகம் பார்த்துத் திட்ட முடியாது. சித்தீக் அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் முதுகில் சூடு பட்ட தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தத் தழும்புக்கு எனக்குச் சொன்ன கதை வேறு! பாலைவனத்தில் வேலை பார்த்தவர்களெல்லாம் இப்படித்தானோ என்னவோ. இரண்டு பேரும் ஏதோ விளையாட்டில் அடிபட்டவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டார்கள். மேகலா அதைப் பார்த்துக்கொண்டு நூல் பெட்டியை ஒழுங்குபடுத்தினாள்.

ராம்கி இருந்த நாட்களில் அவள் ஒரு ஜீன்ஸைக்கூடத் தொடவில்லை. ஹாஸ்டல் பைகள் மூலையில் அப்படியே கிடந்தன. இரண்டு பேரும் சம்பா வயலுக்கு உரம் போட்டார்கள், சுவாமிமலைக்குப் போனார்கள், பைக்கில் தஞ்சாவூர் போய் வானதியைப் பார்த்து வந்தார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், இங்கேயே இருந்துவிடுங்கள் என்று. என் கடையில் வைத்தே ஒருமுறை கேட்டாள்.

"வானதிக்கு இன்னும் படிப்பு முடியலையே மேகலா. முடிஞ்சு ஒரு வேலையில உக்காரட்டும். என்னை இப்ப சாரத்துல ஏத்தறதில்ல, ஸ்டோர்ல உக்கார வச்சிட்டாங்க. பயமில்ல."

"இங்க வயல்ல ஏறவேண்டிய சாரம் எதுவும் இல்லைங்க."

"இந்தக் கையால மம்பட்டி பிடிச்சா எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"மம்பட்டி நான் பிடிக்கிறேன். நீங்க வரப்புல நில்லுங்க, போதும்."

அவன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றிவிடுவேன் என்று. நான் ஏன் காப்பாற்றுகிறேன்? அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு, "அந்த விரலைத் தைச்சிருந்தா மட்டும் ஒட்டிக்கிட்டா இருந்திருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டான். கேலி மாதிரி ஆரம்பித்தான், ஆனால் அது கேலியாக முடியவில்லை.

ஐப்பசி அடைமழை கொஞ்சம் விட்டிருந்த நாளில் அவன் கிளம்பினான். ஏர்போர்ட் வேன் பாபநாசம் மெயின்ரோட்டில் வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கடைக்கு வந்த சித்தீக், ரோட்டில் அவர்களைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். இருட்டிக்கொண்டு வந்தது. கடைத்தெருவில் விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். மருந்துக்கடையில் சாமிப்படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும் வாசனை வந்தது. நான் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.

குனிந்து உள்ளே வந்தாள் மேகலா. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

"ஏறிட்டாரா?"

"ஏறிட்டாரு."

பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தாள். அதே ஜீன்ஸ். பழைய கை அதே இடத்தில் இருந்தது, நாலு விரலுக்குப் பச்சை வேலியோடு, சுண்டுவிரல் வெறும் சேறாக. அதற்குக் கீழே, முழங்காலுக்குச் சற்று மேலே, இரண்டு புதுக் கைகள். சேறு இன்னும் முழுசாகக் காயவில்லை. வலது காலில் நாலு விரல் வலது கை. இடது காலில் ஐந்து விரல் இடது கை. இரண்டும் ஓரத்துத் தையலுக்கு எட்டாமல் துணியின் நட்டநடுவில் பதிந்திருந்தன.

"இதை உடுத்திக்கிட்டா போனான் வயலுக்கு?"

"இல்லக்கா. கையிலதான் எடுத்துட்டுப் போனாரு. வரப்புல விரிச்சு, சேத்தை அள்ளி அவரே வச்சாரு. ஓரமா வேணாம், தையல் மொத்தமா இருக்கும், ஊசி இறங்காம நீ கஷ்டப்படுவே, நடுவுல வைக்கிறேன்னாரு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பிளேன் இறங்குறதுக்குள்ள தைச்சு முடிச்சிடணும்க்கா. ஒம்போதையும். ஊருக்குப் போக பஸ் வர்றதுக்கே ரொம்ப நேரமாகும். இங்கேயே உக்காந்து தைக்கிறேன். நூல் குடுங்க. ஊசி ஒண்ணு குடுங்க."

"விளக்கு வச்சாச்சுடி."

"தெரியும்."

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நான்தான் கடைத்தெரு கேட்கக் கத்தியிருக்கிறேன். இப்போதும் அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த இடது கையைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. உள்ளங்கை ரேகைகூடச் சேற்றில் தெரிந்தது.

போன் அடித்தது, சித்தீக்தான். "சோறு எங்க இருக்கு?" என்றார். "அடுப்பாங்கரையிலதான் இருக்கு, போட்டுத் தின்னுங்க," என்று சொல்லி வைத்தேன். ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். நாற்றுப் பச்சையில் இரண்டு கண்டு எடுத்தேன். ஊசிப் பாக்கெட்டைப் பிரித்து அவளுக்கு ஒன்று கொடுத்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நாலு விரல் கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் இன்னொரு ஊசியில் நூல் கோத்தேன். ஜீன்ஸின் இடது காலை என் பக்கம் இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மேகலா என்னைப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? தை," என்றேன். நான் சுண்டுவிரலில் ஆரம்பித்தேன்.